முன்வரிசைக் கலப்படம்

இடது குதிகாலால் தரையைக் குத்திப் பார்க்கிறாள். சத்தம் பிடிக்கவில்லை. ஒரு முழம் தள்ளிப்போய் மறுபடியும் குத்துகிறாள். பலகைக்கு அடியில் கட்டை ஓடும் இடத்தில் சத்தம் கெட்டியாக வரும். கட்டை இல்லாத இடத்தில் டொப்பென்று விழும். டொப்பென்று விழும் இடத்தில் நின்று குதித்தால் பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும், முழங்கால் பிழைத்துப்போகும். அந்த இடம் அகப்பட்டதும் தண்ணீர் பாட்டிலை அங்கே வைத்துவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாதவள் போல வெளியே நடக்கிறாள். பஸ் சன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பவர்களின் அதே முகம்.

வெளியே போனவள் சுலபத்தில் திரும்பி வரமாட்டாள். இசை நாடகத்தில் ஆட ஆள் எடுக்கும் தேர்வுக்கு வந்தவர்கள் எல்லாரும் உள்ளே போய், காலைத் தூக்கிச் சன்னல் கம்பியில் மாட்டி, முதுகை வளைத்து, தங்கள் உடம்பு எத்தனை திசையில் மடியும் என்று ஒருவருக்கொருவர் காட்டி முடித்த பிறகுதான் நுழைவாள். ஏதோ போகிற வழியில் எட்டிப் பார்த்தவள் போல நுழைவாள். “முதல்ல நுழையுறவ பசியோட வந்தவ. கடைசியில வர்றவளைத்தான் யாருன்னு எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க” என்பது அவளுடைய கொள்கை. திரும்பிப் பார்ப்பவர்கள் கதவைச் சாத்தச் சொல்வதற்காகத்தான் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

வயது கேட்டால் முப்பத்தைந்து என்பாள். பொய் இல்லை. முப்பத்தைந்து ஆகத்தான் செய்தது, சில வருடங்களுக்கு முன்னால். கூடத்தில் அவளுக்குக் கண்ணாடி அக்கா என்று பெயர். எதிர்ச் சுவர் முழுக்க ஆளுயரக் கண்ணாடி இருந்தும், பின்னால் நிற்பவர்கள் அதைப் பார்க்காமல் இவள் முதுகையே பார்த்து ஆடுவதால் வந்த பெயர். அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறாள். புதிதாக வந்த யாராவது “அக்கா, உங்க பேரு?” என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து “இந்தப் பொண்ணுக்குச் சொல்லேன்” என்பாள்.

அவள் நிற்கும் இடம் முன்வரிசை, நடுவிலிருந்து சற்றே இடப்பக்கம். நடன இயக்குநரின் நாற்காலி, கூடத்தின் தூண், சன்னலிலிருந்து விழும் வெளிச்சம், இந்த மூன்றுக்கும் மனதுக்குள் கோடு இழுத்துப் பார்த்து முடிவு செய்த இடம். கட்டட வரைபடம் போடுவதில் டிப்ளமோ படித்தவள். படித்த படிப்பை இதற்கு மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறாள். “நடுவுல நிக்கிறது முட்டாள்தனம். நடுவுல நிக்கிறவளுக்கும் மாஸ்டருக்கும் குறுக்க எப்பவும் ஒரு டீ கிளாஸ் இருக்கும்.”

இவ்வளவு கணக்கும் போட்டு அவள் பிடித்த வேடங்களைச் சொன்னால் சிரிப்பு வரும். ஒரு நாடகத்தில் மதில் சுவர். இன்னொன்றில் கடல் அலை. கலவரக் காட்சி ஒன்றில் மேடையில் விழுந்து கிடக்கும் பிணங்களில் ஒன்று. அந்தப் பிணத்தைப் பற்றிக் கேட்டுவிட்டால் லேசில் விடமாட்டாள். “மத்த பிணமெல்லாம் வயிறு ஏறி இறங்கிட்டுக் கிடந்துச்சு. நான் ஒருத்திதான் செத்தேன்.” நாடகத்தைப் பார்த்தவர்களில் யாருக்கும் எந்தப் பிணமும் நினைவில் இல்லை. அவளிடம் அதைச் சொல்ல யாருக்கும் மனம் வந்ததில்லை.

மற்றவர்களைப் பற்றிய அவளுடைய அபிப்பிராயங்கள் வரவேற்பறை பெஞ்சிலேயே தொடங்கிவிடும். கண்ணை மூடி, காதில் இயர்போனை மாட்டி, உள்ளங்கைகளை விரித்து அமர்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து, “தூங்குறதுக்கு இத்தனை அலங்காரமா” என்பாள். காலைச் சுவரில் நெட்டுக்குத்தாக ஒட்டிவைத்துக்கொண்டு போன் பார்ப்பவளைப் பார்த்து, “காலைத் தூக்கத் தெரியுது, எப்ப இறக்கணும்னு யாரும் சொல்லித் தரலபோல” என்பாள். அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காத இனம் ஒன்று உண்டு. தோழிக்குத் துணையாக வந்ததாகச் சொல்லிக்கொண்டு சட்டையில் எண் குத்தி நிற்பவர்கள். “துணைக்கு வந்தவளுக்கு எதுக்குடி நம்பரு? தொலைஞ்சு போயிட்டா கண்டுபிடிக்கவா?”

ஆனால் இதெல்லாம் வாய். கையிலும் காலிலும் வேறு ஒரு வித்தை வைத்திருக்கிறாள். அதற்குக் கலப்படம் என்று அவளே பெயர் வைத்திருக்கிறாள்.

தேர்வு நடக்கும் விதம் இது. மாஸ்டர் ஒரு துண்டு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுப்பார். அவருடைய உதவியாளன் அதைத் திரும்பச் செய்துகாட்டுவான். பிறகு எல்லாரும் சேர்ந்து பழகுவார்கள். பழகும்போது யாரும் முழு வேகத்தில் ஆடுவதில்லை. மூச்சை மிச்சம் பிடிக்கக் கையை அரைகுறையாக அசைத்து, குதிக்க வேண்டிய இடத்தில் குதிகாலை மட்டும் தூக்கி, ஒப்புக்கு ஆடுவார்கள். அப்போது பின்வரிசைக்காரர்கள் முன்வரிசையைப் பார்த்துத்தான் மனப்பாடம் செய்வார்கள். கண்ணாடி அக்கா அந்த நேரத்தில் ஒரே ஒரு அசைவை மாற்றிவிடுவாள். வலப்பக்கம் திரும்ப வேண்டிய தலை இடப்பக்கம் திரும்பும். மேலே போக வேண்டிய கை ஒரு தாளம் தாமதித்துப் போகும். பார்த்தால் தெரியாது. பின்னால் இருப்பவர்கள் அதையும் சேர்த்து விழுங்குவார்கள். கடைசியில் மாஸ்டர் வரிசையை மாற்றி, பின்னால் இருப்பவர்களை முன்னால் கூப்பிடுவார். அவர்கள் மொத்தமாகத் தப்புச் செய்வார்கள். இவள் மட்டும் சரியாக ஆடுவாள்.

“பால்ல தண்ணி ஊத்துறதில்லையா. அதுமாதிரி கொஞ்சூண்டு. யாரு வயித்தைக் கெடுத்தேன்?” என்பாள். வயிறு கெட்டது நிறையப் பேருக்கு. என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே பஸ் ஏறிப் போனவர்கள் அவர்கள்.

அவளுடைய அம்மாவுக்குக் கலப்படம் தெரியாது. மகள் ஆடுவதே அவளைப் பொறுத்தவரை குதிப்பதுதான். “குதிச்சு முடிச்சாச்சா?” என்று கேட்டபடிதான் கதவைத் திறப்பாள். ஒரு நாடகத்தையும் வந்து பார்த்ததில்லை. கூப்பிட்டால், “கூட்டத்துல நீ எங்க நிக்கிறேன்னு தேடியே கழுத்து வலிக்கும்” என்பாள். ஆனால் மகன் வந்து அக்காவைப் பற்றி வாயைத் திறந்தால் மட்டும் அம்மாவின் குரல் மாறும். “உன் வீட்டுச் சோத்துலயா குதிக்கிறா? சாப்பிட வந்தியா, சாப்பிட்டுப் போ.”

அந்த அம்மா போன மாதம் இறந்துபோனாள். நெஞ்சை என்னவோ செய்கிறது என்றாள். நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு தேர்வு இருந்தது. பதினெட்டு வருடத்தில் அவள் போகாத ஒரே தேர்வு. “நாள் பார்த்துச் செத்தா பாரு எங்கம்மா” என்று அடுத்த வாரம் கூடத்தில் வந்து சொன்னாள். கேட்டவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவள் வேறு யாரைப் பற்றியோ பேசியது போலக் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தம்பிக்குக் குளியலறைச் சாமான் விற்கும் கடை. பெரிய கடை. பீங்கான் தொட்டிகளை வரிசையாக நிறுத்தி, மேலே விளக்குப் போட்டு, நகைக்கடை மாதிரி வைத்திருக்கிறான். அம்மா போன பிறகு ஒருநாள் மனைவியோடு வந்து உட்கார்ந்தான்.

“அம்மா இருந்தவரைக்கும் நான் எதுவும் பேசல.”

“பேச விட்டாத்தானே. இப்ப பேசு.”

“கடையில கவுன்டருக்கு ஆள் வேணும்க்கா. வெளியாளை நம்ப முடியல. ஏசி, மத்தியானம் வீட்டுச் சாப்பாடு. கௌரவமான வேலை.”

“கமோடு விக்கிறது கௌரவமா?”

“கமோடு மட்டுமா. வாஷ்பேசின் இருக்கு, ஷவர் இருக்கு. நீயும் டிராயிங் படிச்சவதானே. பாத்ரூம் பிளான் போட்டுக் குடு, கஸ்டமர் சந்தோஷப்படுவான்.”

தம்பி மனைவி நல்ல பெண். நல்ல மனதோடுதான் சொன்னாள். “நின்னுட்டே இருக்க வேண்டாம் அண்ணி. உங்களுக்குன்னு ஒரு நாற்காலி போட்டுடறோம்.”

அந்த நாற்காலிதான் அவளைக் கொன்றது.

“ஒரு தேர்வு இருக்கு. வியாழக்கிழமை. பெரிய நாடகம், ரெண்டு வருஷம் ஊர் ஊராப் போகும். அதுல எடுக்கலன்னா திங்கக்கிழமை வர்றேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

தம்பி சிரிக்காமல் கேட்டான். “இந்த வயசுல எடுப்பாங்களாக்கா?”

“போன வருஷம் எடுத்தாங்கல்ல.”

“என்னவா?”

போன வருடம்தான் அலை.

வியாழக்கிழமை, வழக்கம்போல எல்லாம் நடந்தது. குதிகால், பாட்டில், கடைசியாக நுழைதல். இந்த நாடகத்துக்கு மாஸ்டராக வந்தவரை அவளுக்கு முன்பே தெரியும். அவர் ஒல்லியாக, மூக்கு ஒழுகிக்கொண்டு பின்வரிசையில் நின்ற காலத்திலிருந்தே தெரியும். முகத்துக்கு எதிரே மாஸ்டர் என்பாள். பெஞ்சில் உட்கார்ந்தால் அந்தப் பொடியன் என்பாள். பொடியனுக்கு இப்போது தொப்பை இருக்கிறது, டீ ஊற்றிக் கொடுக்க ஆள் இருக்கிறது, கழுத்தில் ஒரு விசில் இருக்கிறது. அதை அவர் ஊதி யாரும் கேட்டதில்லை.

நாடகத்தின் கதை துறைமுகத்தில் நடப்பது. போன கப்பல் திரும்பி வரும் என்று காத்திருக்கும் பெண்கள் கரையில் குந்தி உட்கார்ந்து வலை பிரிக்கிறார்கள். கப்பலின் சங்கு ஊதுகிறது. எல்லாரும் ஒரே மூச்சில் எழுந்து கையை உயரே வீசுகிறார்கள். அங்கிருந்து ஆட்டம் சூடு பிடிக்கிறது. மாஸ்டர் அந்த எழுச்சியைத் தானே செய்து காட்டினார். தொப்பை இருந்தும் அம்பு மாதிரி எழுந்தார். “ஒரே மூச்சு. இடையில நிக்கக் கூடாது. ஸ்பிரிங் மாதிரி” என்றார். பிறகு போன் வந்தது. தயாரிப்பாளராக இருக்க வேண்டும், வெளியே ஓடினார். உதவியாளன் தாளம் சொல்ல, எல்லாரும் பழகத் தொடங்கினார்கள்.

கண்ணாடி அக்கா குந்தி உட்கார்ந்து கைகளை அரைகுறையாக அசைத்தாள். இன்றைக்கு எதைக் கலக்கலாம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சங்கு வந்தது. ஒப்புக்கு எழுந்தவளின் உடம்பு பாதியில் நின்றது. இடது கை தானாகப் பின்னிடுப்புக்குப் போனது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு தாளம் அப்படியே இருந்துவிட்டு மீதியை எழுந்தாள். முழங்கால் வேலையைக் காட்டுகிறது என்று நினைத்தாள். போகட்டும், இதுவும் நல்ல கலப்படம்தான், இன்றைக்கு இதையே வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தாள். அடுத்த முறையும் பாதியில் நின்றாள். அதற்கு அடுத்த முறையும்.

அவளுக்கு நேர் பின்னால் பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண். துணைக்கு வந்த இனம். சொந்தப் புத்தி என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. கண் கொட்டாமல் அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி வேறு கேட்டாள்.

“அக்கா, கை இடுப்புக்கு வர்றது எழும்போதா, நின்ன பிறகா?”

“எழும்போது.”

“தேங்க்ஸ்க்கா. நான் பயந்தே போயிட்டேன். நீங்க இல்லன்னா எனக்கு ஒண்ணும் புரியாது.”

“எனக்கும்தான்” என்றாள் கண்ணாடி அக்கா. பக்கத்தில் நின்றவள் சிரிப்பை அடக்க இருமினாள்.

மாஸ்டர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “வரிசை மாத்துங்க.” முன்வரிசை கடைசிக்குப் போனது. இந்த நேரத்துக்காகத்தான் அவள் பதினெட்டு வருடமாக இரை போட்டுவிட்டுக் காத்திருப்பது. பின்னால் நின்றுகொண்டு, முன்னால் எல்லாரும் ஒருசேரக் கவிழ்வதைக் கண்ணாடியில் பார்ப்பதில் அவளுக்கு ஒரு தனிச் சுகம். பாட்டு ஆரம்பித்தது. குந்தினார்கள். வலை பிரித்தார்கள். சங்கு ஊதியது.

அவள் மாஸ்டர் சொன்னபடி அம்பாக எழுந்தாள், கையை உயரே வீசினாள். கூடத்தில் நிமிர்ந்து நின்றது அவள் ஒருத்திதான். மற்ற எல்லாரும் பாதியில் வளைந்து நின்றார்கள். அத்தனை தலைகளுக்கும் மேலாகக் கண்ணாடி முழுதாகத் தெரிந்தது.

கண்ணாடி நிறைய அவளுடைய அம்மா.

அம்மா கீழே உட்கார்ந்து எழும்போதெல்லாம் அப்படித்தான் எழுவாள். பாதியில் நிற்பாள். கை பின்னிடுப்பில் இருக்கும். தலையைச் சாய்த்து, யாரோ எங்கிருந்தோ கூப்பிட்டது போலக் காது கொடுப்பாள். “எதுக்கு எழுந்தேன்னு மறந்துபோச்சு பாரு” என்பாள். பிறகு மீதியை எழுவாள். வீட்டில் யாரும் அதை ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை. இங்கே சட்டையில் எண் குத்திய, பெயர் தெரியாத பெண்கள் வரிசை வரிசையாக அதைச் செய்துகொண்டிருந்தார்கள். சிவப்புச் சட்டையில் ஒரு அம்மா, கறுப்புச் சட்டையில் ஒரு அம்மா. ஒருத்தி சூயிங்கம் மென்றபடி அம்மாவாக இருந்தாள்.

உயர்த்திய கை உயர்த்தியபடியே நின்றுவிட்டது. மீதி ஆட்டத்தை அவள் ஆடவில்லை. அவளைச் சுற்றி எல்லாரும் ஆடி முடித்தார்கள்.

“நிறுத்து” என்றார் மாஸ்டர். “இன்னொரு தரம். சங்குலேர்ந்து.”

இன்னொரு தரமும் எல்லாரும் பாதியில் நின்றார்கள். மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“இதை யார் சொல்லிக் கொடுத்தது?”

உதவியாளன் பதறினான். “நான் ஒரே மூச்சுலதான் சார் எழச் சொன்னேன்.”

“நீ சொன்னது தெரியும். இவங்க யாரைப் பார்த்துப் பண்ணாங்க?”

பச்சைச் சட்டை கையைத் தூக்கினாள். மரியாதை செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டாள். “முன்னாடி நின்ன அக்காவைப் பார்த்து, சார். கண்ணாடி அக்கா.”

மாஸ்டர் எழுந்து கடைசி வரிசைக்கு வந்தார். எல்லாரும் விலகி வழிவிட்டார்கள்.

“அக்கா. இன்னும் விடலையா நீங்க?”

“எதை மாஸ்டர்?”

“நானும் உங்க பின்னாடி நின்னு வீட்டுக்குப் போனவன்தான். அப்படித் திரும்ப வேண்டிய தலை, இப்படித் திரும்பிச்சு. எங்க தப்பு பண்ணோம்னு ஒரு வருஷம் யோசிச்சேன்.”

“அடுத்தவ முதுகைப் பார்க்காம ஆடியிருக்கணும்.” அவளுக்கு நாக்கு எப்போதும் தலையைவிட ஒரு தாளம் முன்னால் போகும். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. “சரிதான். ஆனா இன்னிக்கு நீங்க போட்ட கலப்படம் அசலைவிட நல்லா இருக்கு. சங்கு சத்தம் கேட்டதும் எவளும் ஸ்பிரிங் மாதிரி எழமாட்டா. நிஜமாவே ஊதிச்சான்னு காது கொடுப்பா. எனக்கு ஏன் தோணலன்னு தெரியல. இதையே வச்சுக்கறேன். எங்க புடிச்சீங்க இதை?”

“சும்மா வந்துச்சு.”

“அப்ப நீங்க ஏன் பண்ணல? எல்லாரும் நிக்கிறப்ப நீங்க மட்டும் கையைத் தூக்கிட்டு நின்னீங்க, பஸ்ஸை நிறுத்துற மாதிரி.”

அதற்கு அவளிடம் இருந்த பதிலைச் சொல்ல முடியாது.

“சரி, பண்ணிக் காட்டுங்க.”

குந்தி உட்கார்ந்தாள். எழுந்தாள். பாதியில் நின்றாள். கை இடுப்புக்குப் போனது. போகும் வழியெல்லாம் தான் போகிறோம் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. மாஸ்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி செய்தாள். இப்போது தலை அளவுக்கு மீறிச் சாய்ந்தது. மூன்றாவது முறை கண்ணில் நீர் வந்தது. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது, ஏனென்றால் வந்த நீர் உண்மையானது, பார்க்கப் பொய்யாக இருந்தது. எதிரே கண்ணாடியில் யாரோ ஒரு நடிகை இடுப்பைப் பிடித்துக்கொண்டு துக்கப்பட்டாள்.

“இல்லக்கா. இடுப்பு வலிக்குதுன்னு எனக்குக் காட்டுறீங்க. அந்தப் பச்சைச் சட்டை எனக்கு எதையும் காட்டல. பாதியில நின்னுச்சு, கேட்டுச்சு, எழுந்துச்சு.”

“அது என்னோடது மாஸ்டர்.”

“உங்களோடதுதான். யார் இல்லன்னா? ஆனா உங்களுக்கு வரலையே.”

பதினெட்டு வருடக் கணக்கை யாராவது தீர்க்க நினைத்திருந்தால் அதுதான் நேரம். ஒருவரும் சிரிக்கவில்லை.

மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். வந்ததும் கடைசி ரவுண்டு. அந்தப் பொண்ணு பின்னாடி நின்னு பாருங்க. அவ எப்படிப் பண்றாளோ அப்படியே பண்ணுங்க. வந்துச்சுன்னா எடுத்துக்கறேன். வரலன்னா கோச்சுக்காதீங்க.”

அவர் போனார். கதவு திறந்தே இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் படிக்கட்டு. படிக்கட்டு இறங்கினால் தெரு. தெருவைத் தாண்டித் திங்கட்கிழமை, ஏசி, விளக்குப் போட்ட பீங்கான், அவளுக்கென்று போட்டுவைத்த நாற்காலி. போகலாம். போகிற போக்கில் சொல்வதற்கு நல்ல நல்ல வாக்கியங்கள் நாக்கில் வரிசைகட்டி நின்றன. பொடியனுக்கு ஒன்று. பச்சைச் சட்டைக்கு ஒன்று. நாடகத்துக்கே சேர்த்து ஒன்று. எல்லாமே நல்ல வாக்கியங்கள். பல வருடம் பெஞ்சுகளில் புழங்கக்கூடியவை.

ஒன்றையும் சொல்லவில்லை. வரிசைகளுக்கு நடுவில் நடந்து, பச்சைச் சட்டைக்குப் பின்னால் போய் நின்றாள்.

பச்சைச் சட்டை பாதி திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது. “அக்கா, நான் எதாவது தப்பாச் சொல்லிட்டேனா?”

“முன்னாடி பார்த்து நில்லு.”

“உங்களுக்கு நான் எப்படிக்கா… நீங்கதானே எனக்கு…”

“பேசாம பண்ணு.”

“மெதுவாப் பண்ணட்டுமா?”

“வேண்டாம். எப்படிப் பண்றியோ அப்படிப் பண்ணு. நீயா எதையும் சேர்க்காதே.”

பச்சைச் சட்டை குந்தி உட்கார்ந்தாள். உதவியாளன் வாயாலேயே சங்கு ஊதினான். அவள் எழுந்து, பாதியில் நின்றாள். காலையிலிருந்து குதித்ததில் கொண்டை அவிழ்ந்து, கனத்த பின்னல் ஒன்று முதுகில் சரிந்து விழுந்து, பின்னிடுப்புக்கு வந்த கையைச் சரியாக அந்த இடத்தில் மறைத்தது.

கண்ணாடி அக்கா கையை நீட்டி, பின்னலை மெல்ல எடுத்து, அந்தப் பெண்ணின் தோளுக்கு முன்னால் போட்டாள்.